ஸ்டார்ட்டப்பில் ஒரு தெலுங்குக் குரல்

"நமஸ்காரமண்டி. ஈரோஜு மனம் தெலுகு நேர்ச்சுகுந்தாம்."

பீரோ மேலிருந்த ஸ்பீக்கர் கணீரென்று இப்படிச் சொன்னதும், தேவஇரக்கத்தின் கை டீ கிளாசோடு பாதி வழியில் நின்றுவிட்டது. அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டிருந்தார். திரையில் நெற்றி நிறையப் பொட்டு வைத்த பொம்மை அம்மாள் ஒருத்தி கைகூப்பி நின்றாள். வணக்கமுங்க, இன்றைக்கு நாம் தெலுங்கு படிப்போம் என்று அவள் கூப்பிட்டது ஆபீஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. ஆபீஸ் முழுக்க என்றால் அந்த நேரத்தில் பில் போடுகிற பியூலா ஒருத்திதான். மானம் போவதற்கு ஒரு ஆள் போதாதா?

"யாரு சார் அது?" என்றாள் பியூலா.

"அப்டேட்டு," என்றார் தேவஇரக்கம்.

"தெலுங்குலயா சார்?"

"இப்பல்லாம் எல்லாப் பாஷையிலயும் விடுதான். நீ பில்லைப் பாரு."

அவள் பில்லைப் பார்த்தாள். ஆனால் காதை இந்தப் பக்கமே வைத்திருந்தாள். தேவஇரக்கம் பொம்மை அம்மாளின் தலைமேல் இருந்த பெருக்கல் குறியைத் தேடிப் பிடித்து அழுத்தி, அவளை அனுப்பி வைத்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

அவர் ஒன்றும் கொலைக்குற்றம் செய்துவிடவில்லை. ஆனால் செய்த காரியம் வெளியே சொல்லும்படியானதும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகிற வழியில், மருத்துவப் பஞ்சும் பேண்டேஜும் செய்கிற அந்தக் கம்பெனியில் அவர் பல வருஷமாக மேனேஜர். முதலாளி சஞ்சீவி ராஜா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். போனில் வீட்டாரோடு பேசும்போது தெலுங்கு ஓடும். போனை வைத்துவிட்டு இவரிடம் திரும்பினால் தமிழ் வரும். இத்தனை காலமும் தேவஇரக்கம் அதைக் காதில் போட்டுக்கொண்டதே கிடையாது. அது அவர்கள் வீட்டு விஷயம்.

முதலாளியின் மகனுக்கு விஜயவாடாவில் பெண் எடுத்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. முதலாளி போனில் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். ஒருநாள் அந்தத் தாழ்ந்த குரலுக்கு நடுவே "தேவஇரக்கம்" என்று தன் பெயர் வந்து விழுந்ததை இவர் கேட்டார். பெயருக்குப் பின்னாலேயே "செப்பொத்து" என்று ஒரு சொல். தேவஇரக்கத்துக்குத் தெரிந்த தெலுங்கு ஒரு வெற்றிலையில் மடித்து வைத்துவிடலாம். ஆனாலும் கெட்ட நேரம், அந்தச் சொல் மட்டும் தெரிந்திருந்தது. சொல்லாதே என்று அர்த்தம். தேவஇரக்கத்திடம் சொல்லாதே. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

எதைச் சொல்லாதே? சம்பந்தி வீட்டு ஆள் யாரையோ மேனேஜராகக் கொண்டுவரப் போகிறார்கள், வேறென்ன என்று அவரே கேள்வியும் கேட்டு அவரே பதிலும் எழுதி மார்க்கும் போட்டுக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் குடியிருக்கும் தெருவிலும், சர்ச் சபைக் கமிட்டியிலும் அவருக்கு மேனேஜர் ஐயா என்றுதான் பெயர். அந்தப் பட்டத்தைக் கழற்றிவிட்டால் உள்ளே என்ன மிஞ்சும் என்று யோசிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற யுவராணியைத் தனியாகப் பிடித்து, "எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஐதராபாத்துல வேலை. தெலுங்கு படிக்கதுக்கு எதும் இருக்காம்மா?" என்று கேட்டார். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கிறவள். ராஜபாளையத்து ஆபீஸ்கள் பாதி அவள் கையில். பையிலிருந்த பென்டிரைவிலேயே அந்தப் புரோகிராம் தயாராக இருந்தது. வாங்கிவந்து, பியூலா சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, காதில் இயர்போனை மாட்டி, முதல் பாடம் படித்தார். ஒட்டுக்கேட்பதற்காக ஒரு பாஷையையே படிக்கிறோமே என்று உள்ளுக்குள் கூசத்தான் செய்தது. ஆனால் அந்தப் புரோகிராம் மறுநாள் காலையில் கூப்பிடாமலே வந்து ஸ்பீக்கரில் நமஸ்காரம் சொல்லும் என்று அவர் கண்டாரா?

வாசல் பக்கம் போய் யுவராணிக்குப் போன் போட்டார்.

"அந்தப் பிள்ளை கேக்கு, கம்ப்யூட்டரைப் போட்ட ஒடனே அது தானா வந்து நிக்காம். எப்பிடி நிப்பாட்ட?"

"அது ஸ்டார்ட்டப்புல போய் உக்காந்துக்கிடும் சார். டாஸ்க் மேனேஜரைத் தொறந்து, ஸ்டார்ட்டப்னு இருக்கும்லா, அதுல அந்தப் பேரைப் பிடிச்சு டிசேபிள்னு குடுக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். தேவஇரக்கம் உள்ளே வந்து, மூன்று விசையை ஒன்றாக அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். தன் பதவியின் பெயரே அதற்கும் இருப்பதை அன்றுதான் கவனித்தார். ஸ்டார்ட்டப்பில் ஒரு நீளப் பட்டியல். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் எழுந்து வேலைக்கு வருகிறவர்கள் இவ்வளவு பேரா என்று வியப்பாக இருந்தது. பொம்மை அம்மாளைக் கண்டுபிடித்து டிசேபிள் கொடுத்தார். சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது மனசு லேசாகியிருந்தது.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டார். பொம்மை அம்மாள் வரவில்லை. காலையில் பக்திப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. ஆயுதபூஜைக்கு வாங்கிய அந்த ஒயர் இல்லாத ஸ்பீக்கருக்குப் பியூலா வழக்கம்போல உயிரூட்டிவிட்டாள். முதலாளியும் வந்தார். இப்போதெல்லாம் ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கே வந்துவிடுகிறார். யாரையும் பார்க்காமல் லேப்டாப் பையோடு கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாட்டு பாதியில் நின்றது.

"நமஸ்காரமண்டி," என்றது ஸ்பீக்கர்.

தேவஇரக்கம் திரையைப் பார்த்தார். வெறும் திரை. ஆளைக் காணோம், குரல் மட்டும் வருகிறது. தெலுங்கு அம்மாள் என்னென்னவோ கேட்டுக் கேட்டு, பதிலுக்காகச் செத்த நேரம் காத்திருந்து, மறுபடி கேட்டாள். பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் அறைக் கதவைத் திறந்துகொண்டு முதலாளி வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன சத்தம் அது?"

"விண்டோஸ் அப்டேட்டுங்கய்யா," என்றார் தேவஇரக்கம்.

முதலாளி அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "ஆமா, ஆமா. அப்டேட்டாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. இவ்வளவு மட்டமான பொய்யை முதலாளி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது தேவஇரக்கத்துக்குச் சரியாகப் படவில்லை. தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே கண்டுகொள்ளாதவர்போல இருக்கிறார். கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருக்கிறார்.

அவசரத்தில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பொம்மை அம்மாளின் உருவம் ஒரு பெயரில் இருந்தது போலக் குரல் வேறொரு பெயரில் ஒளிந்திருக்கும். எந்தப் பெயர் என்று யாரைக் கேட்பது? யுவராணியை மறுபடி கேட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வேஷம் கலைந்துவிடும். ஸ்டார்ட்டப் பட்டியலைத் திறந்தார். தனக்கு அர்த்தம் தெரியாத பெயரையெல்லாம் டிசேபிள் செய்தார். அர்த்தம் தெரிந்த பெயர் அதில் ஒன்றுகூட இல்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். குரல் வரவில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"சார்," என்றாள் பியூலா. "பில் ஓப்பனாக மாட்டேங்குது. ஒங்க கம்ப்யூட்டர் கூட கனெக்சன் இல்லைங்குது."

"செத்த நேரம் பொறு, வரும்."

"பிரிண்டரும் வரலை சார். அட்டைப்பெட்டிக்கு லேபிள் அடிக்கணும். கேரளா லாரி நிக்குது."

கேரளா லாரி நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். பிறகு இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். லோடுமேன்கள் நிழலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள். பியூலா பேனா எடுத்து லேபிளைக் கையால் எழுத ஆரம்பித்தாள். தேவஇரக்கம் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எதை மறுபடி எழுப்புவது என்று தெரியாமல் விழித்தார். பிரிண்டரை எழுப்பப்போய் அந்தம்மாவும் சேர்ந்து எழுந்துவிட்டால்?

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. முதலாளி.

"தேவஇரக்கம்," என்றார் மெதுவாக. "இந்த... கம்ப்யூட்டரைப் போட்ட ஒடனே சிலது தானா ஸ்டார்ட் ஆவுதுல்ல. அதை எங்க போய் நிப்பாட்டுறது? எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்."

தேவஇரக்கத்துக்கு வேர்த்துவிட்டது. குத்திக்காட்டுகிறார். எவ்வளவு பதமாகக் குத்துகிறார். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்கய்யா," என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் ஸ்டார்ட்டப் பட்டியல் முழுசாகத் திரையில் விரிந்து கிடப்பதைப் பார்த்தார். முதலாளியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தேவஇரக்கம் அதை மூடினார்.

"ஒங்களுக்கே தெரியாதா?" என்று முதலாளி பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அந்தப் பெருமூச்சில் இருந்த ஏமாற்றம், இத்தனை வருஷ நம்பிக்கையையும் அள்ளிக் குப்பையில் கொட்டியது போல இருந்தது தேவஇரக்கத்துக்கு.

அடுத்த நாளும் குரல் வந்தது. இந்தத் தடவை அவர் தன் கம்ப்யூட்டரில் சத்தத்தைக் குறைக்கிற பொத்தானைப் பூஜ்யத்துக்கு இறக்கி வைத்திருந்தார். பூஜ்யத்திலும் வந்தது. சபைக் கமிட்டி ஆள் அல்லவா, அவருக்கு வேறு மாதிரித் தோன்ற ஆரம்பித்தது. ஒட்டுக்கேட்க நினைத்தவனைப் பார்த்துக் கூப்பிடுகிற குரல் இது. மனசாட்சிக்கு டிசேபிள் பொத்தான் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறினார். பஞ்சுக்கா அங்கே பஞ்சம்? ஸ்பீக்கரின் வாயில் ஒரு பொதி பஞ்சை வைத்து அமுக்கி, மேலே பேண்டேஜ் துணியைச் சுற்றி, ஒட்டுப்போட்டு முடித்தார். மண்டையில் அடிபட்ட நோயாளி பீரோ மேல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த பியூலா, "அதுக்கு என்ன சார் ஆச்சு?" என்றாள்.

"தூசி அடையிதுன்னு."

முதலாளி வெளியே வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல யோசனை," என்றார் முதலாளி. "இப்பிடியே இருக்கட்டும். யாரும் அவிழ்க்கக் கூடாது." பிறகு, "நாளைக்குச் சம்பந்தி வாராக. மொத தடவையா நம்ம கம்பெனியைப் பார்க்க வாராக. நீங்க வரும்போது நல்ல கடையாப் பார்த்து பால்கோவா வாங்கிட்டு வாங்க," என்றார்.

ஆக, நாளைக்குத்தான். புது மேனேஜரைக் கையோடு கூட்டி வருகிறார்கள். தன் நாற்காலியில் உட்காரப்போகிறவனுக்குத் தானே இனிப்பு வாங்கிக்கொண்டு போக வேண்டும். போகிறதுதான் போகிறோம், இந்தக் குரலையாவது அழித்துவிட்டு யோக்கியனாகப் போவோம் என்று நினைத்தார். அந்தப் புரோகிராமையே வேரோடு பிடுங்க முடிவு செய்தார். பெயரைத் தேடிப் பிடித்து நீக்கு என்று கொடுத்ததும் ஒரு கட்டம் வந்தது. அதில் ஒரு கேள்வி, கீழே இரண்டு பொத்தான்கள். எல்லாம் தெலுங்கு எழுத்து. ஆபீசுக்குள் தெலுங்கு தெரிந்தவர் முதலாளி ஒருவர்தான். அவரிடம் போய் ஐயா இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்க முடியுமா? ஜெபம் பண்ணிவிட்டு வலது பக்கப் பொத்தானை அழுத்தினார். ஏதோ ஓடியது. அது ஓடி முடியுமுன் பொறுமையில்லாமல் ஒயரையும் பிடுங்கினார். மறுபடி போட்டபோது கறுப்புத் திரையில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் சுற்றத் தொடங்கின. சாயங்காலம் வரை சுற்றின.

வேறு வழியில்லை. யுவராணியைக் கூப்பிட்டார். அவள் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதைக் கடைக்குத்தான் கொண்டு போகணும் சார். காலையில ஆபீஸ் தொறக்குமுன்ன கொண்டாந்து மாட்டிருவேன்," என்று மேசைக்கடியிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி ஹெப்சிபா தட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், "என்னான்னு சொல்லுங்க," என்றாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவிய வீட்டு உப்பைத் தின்னுக்கிட்டு, அவிய பேசுறதை ஒட்டுக்கேக்கவா படிச்சிய? ஐயா, என் பேரு அடிபடுதே, என்னன்னு நேருல கேட்டா என்ன?"

"வேலை போயிருச்சுன்னு சொல்லிட்டாருன்னா?"

"வேலைதானே போகும்? இப்பம் என்னத்தைக் காப்பாத்திட்டிய?"

அவர் கை கழுவ எழுந்துபோனார். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

காலையில் பால்கோவா கடையில் கூட்டம். பஸ்ஸும் வழியில் நின்று நின்று போனது. மேனேஜர் வேலையின் கடைசி நாளிலும் லேட் என்று தன்னையே நொந்துகொண்டு, பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி அவர் ஆபீசுக்குள் நுழைந்தபோது சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி வெள்ளை வேட்டியில் ஆஜானுபாகுவாக இருந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். இவன்தான் என்று தேவஇரக்கத்தின் மனசு சொன்னது. முதலாளி அளந்து அளந்து தெலுங்கு பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சளசளவென்று ஓடுகிற பேச்சு, அன்றைக்கு ஏனோ தட்டுத் தடுமாறியது.

விருந்தாளி வருகிறார்கள் என்று பியூலா ஆபீசைக் கழுவித் துடைத்திருந்தாள். ஸ்பீக்கரின் கட்டையும் அவிழ்த்திருந்தாள். தேவஇரக்கத்துக்கு அது கண்ணில் பட்டபோது உயிர் ஒரு தடவை போய்விட்டு வந்தது. யுவராணி சொன்னபடி வந்து மாட்டியிருப்பாள், பழுதும் பார்த்திருப்பாள், இனி ஒன்றும் வராது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பால்கோவாவைத் தட்டுகளில் வைக்க ஆரம்பித்தார்.

"கல்யாணப் போட்டோவெல்லாம் எங்க?" என்பது போலச் சம்பந்தி தெலுங்கில் ஏதோ கேட்டார். முதலாளி தயங்கினார். சம்பந்தி விடவில்லை. முதலாளி பீரோப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாரையும் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போனார். கதவு திறந்தே இருந்தது.

தேவஇரக்கம் தட்டை எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தார்.

"வியங்குடுகாரு, ரண்டி, கூர்ச்சோண்டி," என்றது ஸ்பீக்கர், ஆபீஸ் அதிர.

சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார். சம்பந்தி அவர்களே, வாருங்கள், உட்காருங்கள் என்று யாரோ தன்னைக் கூப்பிட்டால் மனுஷன் என்னதான் செய்வார்? சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் விடவில்லை. "நாக்கு தெலுகு சரிகா ராது. நேனு நேர்ச்சுகுண்டுன்னானு." எனக்குத் தெலுங்கு சரியாக வராது, படித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பாடம் தேவஇரக்கம் படிக்காத பாடம். ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. அவர் பார்த்தது முதலாளியின் முகத்தை. ரத்தமே இல்லை அதில். சம்பந்திக்கு முன்னால், தன் ஆபீஸில், தன் மேனேஜரின் திருட்டுத்தனத்தால் ஒரு பெரிய மனிதர் தலைகுனிந்து நிற்கிறார். தேவஇரக்கத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

"ஐயா, அது நாந்தான்," என்றார்.

முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"என் கம்ப்யூட்டர்தான் பேசுது. நாந்தான் அந்தப் புரோகிராமை ஏத்துனேன். தேவஇரக்கத்துக்கிட்டச் சொல்லாதன்னு நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. எனக்குத் தெரியாம என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிடணும்னு திருட்டுத்தனமாத் தெலுங்கு படிச்சேன். அப்டேட்டுன்னு சொன்னதும் பொய். நிப்பாட்டத் தெரியாதுன்னு சொன்னதும் பொய். என்னை மன்னிச்சிருங்கய்யா." பியூலா நிற்கிறாள் என்பதும், கண்ணில் நீர் வருவதை அவள் பார்க்கிறாள் என்பதும் தெரிந்தது. துடைக்கக் கை எழவில்லை.

முதலாளியின் முகத்துக்கு ரத்தம் மெல்லத் திரும்பி வந்தது. பிறகு அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. தேவஇரக்கத்தின் தோளில் கையைப் போட்டு, சம்பந்தியின் பக்கம் இழுத்து நிறுத்தி, தெலுங்கில் ஏதோ சொன்னார். இந்தத் தடவை தடுமாற்றமே இல்லை.

சம்பந்தியின் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் தேவஇரக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, உருக்கமாக ஒரு பாராட்டுரையே நிகழ்த்தினார். எங்கள் பாஷையைப் படிக்கிறீர்களாமே என்கிற மாதிரி இருந்தது. எல்லாரும் இவர் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். தேவஇரக்கத்துக்குத் தெரிந்தது முதல் பாடத்தின் முதல் வரி.

"மீ பேரு ஏமிட்டி?" என்றார்.

உங்கள் பெயர் என்ன என்று தன்னையே கேட்டதும் சம்பந்தி இடி இடிப்பது போலச் சிரித்தார். கண்ணாடி போட்ட இளைஞனும் சிரித்தான். அவன் விஜயவாடாவில் பல் டாக்டர் என்று பியூலா அப்புறம் சொன்னாள். முதலாளி எல்லாருக்கும் மேலாகச் சிரித்துவிட்டு, "நீங்க போய்த் தண்ணி குடிங்க, தேவஇரக்கம். ஒங்களை யாரு எங்க அனுப்பப் போறா? போங்க, போங்க," என்று முதுகைத் தட்டி வெளியே அனுப்பினார். பாராட்டாகத் தட்டுகிறாரா, கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறாரா என்று முதுகுக்குத் தெரியவில்லை.

வெளியே கார் நிறுத்துகிற கொட்டகை நிழலில் போய் நின்றார். முதலாளியின் டிரைவர் கண்ணுச்சாமி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் தெலுங்குதான். தேவஇரக்கத்தை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணு கலங்கியிருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. இனிமே இந்த வாசல்ல எந்த முகத்தோட நுழைய?" என்றார் தேவஇரக்கம். உள்ளே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். இன்றைக்கு யாரிடமாவது ஒப்புக்கொண்டே இருக்கவேண்டும் போலிருந்தது அவருக்கு. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். கண்ணுச்சாமி துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் வாய் பிளந்தது.

அப்போது கேட்டைத் தாண்டி ஒரு ஸ்கூட்டர் வேகமாக வந்து நின்றது. யுவராணி. முன்னால் அரிசிச் சாக்கில் பொதிந்து கட்டிய கம்ப்யூட்டர் பெட்டி.

"சாரி சார், கோவிச்சுக்கிடாதிய. காலையில கரண்டு இல்லை, அதான் கொண்டுவர இம்புட்டு லேட்டாயிருச்சு," என்று சாக்கை இறக்கினாள். "சார், இன்னொண்ணு. அந்தத் தெலுங்குப் புரோகிராம், நீங்க மொத நாளே டிசேபிள் பண்ணதுல சரியா நின்னுருச்சு. அதுக்குப் பொறவு ஒரு நாளும் அது ஸ்டார்ட் ஆகவே இல்லை. அப்பறம் எதுக்குப் போட்டு இந்தப் பாடு படுத்துனிய?"

தேவஇரக்கம் சாக்கைப் பார்த்தார். ஆபீஸ் வாசலைப் பார்த்தார். மறுபடி சாக்கைப் பார்த்தார்.

"என் கம்ப்யூட்டர் இங்க இருக்குன்னா," என்றார், "உள்ள பேசுனது யாரு?"

கண்ணுச்சாமி துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"முதலாளி லேப்டாப்பு, அண்ணாச்சி. அதுலயும் இதே மாதிரி புரோகிராம் இருக்கு, அதுவும் அந்த ஒயர் இல்லாத ஸ்பீக்கர்லதான் பேசும். 'நம்ம ஊருத் தெலுங்கைக் கேட்டுச் சம்பந்தி வீட்டுல சிரிக்காக, நான் புதுசாப் படிச்சுக்கிட்டிருக்கேன், இது தேவஇரக்கத்துக்குத் தெரிஞ்சா என் மானமே போயிரும், அவருகிட்ட மட்டும் சொல்லிராத'ன்னு தெனமும் கார்ல வரும்போது முதலாளியம்மாகிட்ட போன்ல கெஞ்சுதாரே."